விரல் அறிந்த முத்து

எங்கள் வீட்டில் ஒரு முத்து மோதிரம் இருக்கிறது. அது 52 ஆண்டுகள் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. 8 ஆண்டுகள் என் அம்மாவின் விரலில் இருந்தது. பெட்டிக்குள் கிடந்தபோதும் பொன் அதே பொன்தான். முத்தும் அதே முத்துதான். மாறியது அமைப்பு ஒன்றே. ஒரு மோதிரத்தின் அமைப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் அம்மாவின் கதையைத்தான் சொல்லவேண்டும்.

அம்மா 1942-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் பிறந்தவர். தாத்தா ஓர் உப்பளத்தில் கணக்கர். முத்துக்கும் அந்தக் கரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கொற்கையின் முத்து கடல் கடந்து உரோமை வரை சென்றது. புனித சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தபோது அவர் கண்ட மக்கள், கல்லைக் காலில் மாட்டிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி அள்ளியவர்கள். மூச்சடக்கிய அந்த ஒரு நிமிடத்திற்குள் அவர்களுடைய வாழ்வும் வயிறும் அடங்கியிருந்தன. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பான் என்று அம்மா சொல்வார். தங்கையின் தாலியை எண்ணியாவது அவன் கயிற்றை விடமாட்டானாம்.

மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை அரசு முத்துக்குளிப்பு நடத்தியது. அதன் பின்னர் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அந்தக் கடைசி ஆண்டாகிய 1961-இல்தான் அம்மாவுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தாத்தா தம் சேமிப்பில் ஒரே ஒரு முத்து வாங்கினார். மிளகைவிடச் சற்றுப் பெரியது. வெண்மையில் இளமஞ்சள் கலந்தது. ஒரு பக்கம் மிகச் சிறிதளவு தட்டையானது. ஆணிமுத்து என்று வணிகர் போற்றும் முதல்தரத்து முத்து அன்று. ஆயினும் விளக்கின் முன் பிடித்தால், ஒளி அதன் மேலே படுவதுபோல் இராது. உள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். "மலைப்பக்கம் போகிறவள் கையில் கொஞ்சம் கடல் இருக்கட்டும்" என்று சொல்லித் தாத்தா அதை மோதிரமாகச் செய்து போட்டாராம்.

மலைப்பக்கம் என்றது வத்திராயிருப்பை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கண்மாய்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். உப்புக் காற்றில் வளர்ந்த பெண், வைக்கோல் மணக்கும் வீட்டுக்கு மருமகளாக வந்தார். எங்கள் அப்பத்தா வீட்டில் அடுப்படி, தொழுவம், வயல் ஆகிய மூன்றும் மருமகளின் பொறுப்பு.

அந்த முதல் மோதிரத்தின் வடிவை அம்மா பலமுறை எனக்கு வரைந்து காட்டியிருக்கிறார். ஐந்து இதழ் விரிந்த பூ. பூவின் நடுவே எழும்பிய ஒரு சிறு காம்பு. காம்பின் முடிவில் நான்கு பொன் நகங்கள். அந்த நகங்கள் கவ்விப் பிடித்த முத்து. பார்ப்பதற்கு மிக அழகு. மெழுகுவர்த்தியின் சுடரைப் போல முத்து விரலுக்கு மேலே நின்றது. திருமணத்திற்கு வந்த பெண்கள் எல்லாரும் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்களாம்.

ஆனால் விரல் என்பது பார்வைக்கு வைக்கப்படும் பீடம் அன்று, உழைக்கும் உறுப்பு. மோதிரத்தின் மேற்பாகம் கனம். வளையமோ மெல்லிய கம்பி. ஆகவே கை அசைந்தபோதெல்லாம் அது சுழன்று முத்து உள்ளங்கைப் பக்கம் வந்துவிடும். சேலை நூல் நகங்களில் சிக்கும். குழந்தையைத் தூக்கினால் கீறும். புளி கரைக்க ஒருமுறை, மாவு பிசைய ஒருமுறை, சாணம் அள்ள ஒருமுறை என்று நாள் முழுவதும் கழற்றிக் கழற்றி மாட்டவேண்டும். 1962-இல் ஒரு மாலை, கழற்ற மறந்து படப்பிலிருந்து வைக்கோல் உருவியபோது, ஒரு தாள் நகத்தில் மாட்டி இழுத்தது. வீட்டுக்குள் வந்து பார்த்தால் பூ இருக்கிறது; முத்து இல்லை.

விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடிய நற்செய்திப் பெண்ணைப் போல, அம்மா அரிக்கேன் விளக்குடன் தொழுவத்தில் இரவெல்லாம் தேடினார். விடியுமுன் மாட்டின் காலடியில் முத்து கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்ணைப் போல அண்டை வீட்டாரை அழைத்து அவரால் மகிழ முடியவில்லை. "வைக்கோல் பிடுங்குகிற கைக்கு முத்து எதற்கு?" என்று அப்பத்தா சொன்ன ஒரு சொல் போதுமானதாக இருந்தது. முத்தை ஒரு துணியிலும் பொற்பூவை ஒரு துணியிலும் முடிந்து, அம்மா பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். அதன்பின் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "என் கைக்கு அது பொருந்தாது."

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்தேன். அது அடக்கத்தால் வந்த சொல் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதற்குள் ஒரு தீர்ப்பு இருந்ததையும், அம்மா தம் கைகளுக்கு எதிராகத் தாமே அத்தீர்ப்பை எழுதிக்கொண்டதையும் நான் உணரவில்லை.

2014-இல் என் மகளின் திருமணம் வந்தது. அம்மா அன்று அந்த மோதிரத்தை அணியவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பெருநகர் ஒன்றில் இருந்த பெரிய நகைக்கடைக்கு முத்தையும் பொன்னையும் எடுத்துச் சென்றேன். படங்கள் நிறைந்த தடித்த புத்தகத்தைக் காட்டினார்கள். எவ்வளவு செலவிட முடியும் என்று கேட்டார்கள். எந்த வடிவம் என்று கேட்டார்கள். யார் அணியப்போகிறார் என்று கேட்கவில்லை. மீண்டும் நான்கு நகங்கள். மீண்டும் உயரமான பீடம். இரு வாரங்களில் முத்து ஆடத் தொடங்கியது. நகம் ஒன்று உராய்ந்து முத்தின் மேல் மெல்லிய கோடு ஒன்றையும் இழுத்துவிட்டது. திருமணத்தன்று அம்மாவின் விரல் வெறுமையாகவே இருந்தது. "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் எங்கள் ஊரிலேயே சிறு பட்டறை வைத்திருந்த முதிய ஆசாரியிடம் போனேன். முன்பே போகாதது என் அறியாமை. அவர் உருப்பெருக்கும் கண்ணாடியால் முத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "சார், இது கல் இல்லை. கல்லைப் பிடிக்கிற மாதிரி இதைப் பிடித்தால் தாங்காது. அம்மா கையை நான் பார்க்கவேண்டுமே."

கையையா என்று வியந்தேன். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். அம்மாவின் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கையால் காய் நறுக்குவீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குவீர்கள், செபமாலையை எந்தக் கையில் பிடிப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூட்டு வீங்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்து, "விரலுக்கு ஓர் அளவு, மூட்டுக்கு ஓர் அளவு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். தம் கைகளை மறைக்க முயன்ற அம்மா, சற்று நேரத்தில் அவரிடம் நாற்று நட்ட காலத்தின் கதைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் நான் அந்தப் பட்டறையில் ஒரு மாணவனாக உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்த எனக்கு, அறிந்தும் அறியாதிருந்த பல உண்மைகள் அங்கே விளங்கின.

முத்து ஓர் உயிர் ஈன்ற பொருள். மணல் துகள் புகுவதால் முத்து விளைகிறது என்று நாம் சொல்லிவந்தாலும், சிப்பியின் மெல்லிய மேலுறைத் திசு ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ இடம் பெயரும்போதே பெரும்பாலும் இயற்கை முத்து உருவாகிறது என்கிறது அறிவியல். காயத்தைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வெங்காயச் சருகுபோல் படலங்கள் படிகின்றன. அவை கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணப் பொருளின் நுண்தகடுகள். அவற்றைச் சிப்பி சுரக்கும் பசை இணைக்கிறது. அந்த அடுக்குகளுக்குள் ஒளி புகுந்து மீள்வதால்தான் உள்ளிருந்து சுடர்வது போன்ற தோற்றம் உண்டாகிறது.

அழகின் காரணமே மென்மையின் காரணமும் ஆகிறது. கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் வைரம் 10; மாணிக்கம் 9; சாதாரண மணல் 7; முத்தோ 2.5 முதல் 4.5 வரை. அதாவது, வீட்டுத் தூசியில் கலந்துள்ள மணல்கூட முத்தைக் கீறவல்லது. சுண்ணப் பொருளாகையால் புளி, எலுமிச்சை, காடி ஆகியவற்றின் அமிலம் அதன் மேற்படலத்தை அரிக்கும். வியர்வையும் காலப்போக்கில் மங்கச் செய்யும். மங்கிய மாணிக்கத்துக்கு மீண்டும் பட்டை தீட்டலாம். முத்தைத் தீட்டினால் படலமே போய்விடும். கழுத்திலும் காதிலும் முத்து பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் உலகத்தோடு ஓயாமல் மோதுவது விரல்தான். ஆகவே முத்து அணிகளில் மிகக் கடினமான வேலை மோதிரமே என்றார் ஆசாரி.

அவர் செய்த மோதிரம் எப்படி இருந்தது?

முதலில் உயரத்தைக் குறைத்தார். காம்பை எடுத்துவிட்டு, வளையத்தோடு ஒட்டிய ஆழமற்ற சிறு பொற்கிண்ணம் அமைத்தார். முத்தின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் அமர்ந்தது. கிண்ணத்தின் இரு பக்கமும் வளையத்தின் தோள்களைச் சற்று உயர்த்தினார். வயலுக்கு வரப்புபோல, பக்கவாட்டில் வரும் அடியை அந்தத் தோள்கள் வாங்கிக்கொள்ளும். கையைச் சேலைக்குள் நுழைத்தாலும் நூல் சிக்க ஒரு முனையும் இல்லை.

அடுத்து, நகங்களை அறவே நீக்கினார். கிண்ணத்தின் நடுவே பொன்னால் ஒரு சிறு முளை எழுப்பி, அதை முறுக்கி வரிவரியாகச் செய்தார். 22 காரட் பொன் மென்மையானது, எளிதில் வளையும். ஆகவே முளைக்கு மட்டும் செம்பு கூடிய 18 காரட் பொன்னைப் பயன்படுத்தினார். முத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரு பங்கு ஆழத்துக்குத் துளையிட்டு, அம்முளையில் பொருத்திப் பசையால் இறுக்குவது முறை. முளை வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்காது; வரிகள் இருந்தால் பசை அவற்றுள் இறங்கி உறுதியாகும்.

துளையிடும் இடத்தைத் தேர்ந்தபோதுதான் என் கண்கள் கலங்கின. நகரத்துக் கடையின் நகம் இழுத்த அந்தக் கோட்டின் மேலேயே துளைக்கருவியின் முனையை வைத்தார். "குறை இருக்கிற இடத்தில்தான் துளை போடவேண்டும் சார். அது கிண்ணத்துக்குள் போய்விடும். நல்ல முகம் மேலே இருக்கும்" என்றார். முத்து வேலையில் இது வழக்கமான நெறிதானாம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கோ அது பல நாள் தியானத்துக்குப் போதுமானதாக இருந்தது. காயம் பட்ட இடமே பிடிமானத்தின் இடமாயிற்று.

மூன்றாவது, வளையம். அடிப்பாகத்தைச் சற்று அகலமாகவும் கனமாகவும் செய்தார். மேலும் கீழும் எடை ஒத்திருந்தால் மோதிரம் சுழலாது. உள்விளிம்புகளை உருட்டி வழவழப்பாக்கினார். மூட்டைக் கடக்கும் அளவுக்கு வளையம் பெரிதாக இருந்தால், கடந்தபின் விரலில் தளர்ந்துபோகும். அதற்காக வளையத்தின் உட்புற அடியில், அரிசியைவிடச் சிறிய இரண்டு பொன்மணிகளைப் பற்றவைத்தார். வீங்கிய மூட்டை மோதிரம் கடந்ததும், அந்த மணிகள் விரலின் சதையில் மெல்ல ஊன்றி நிறுத்திக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையின் வரிசையை அவர் கண்டிப்புடன் காத்தார். உமியும் கரியும் கனலும் சட்டியின் முன் அமர்ந்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலை முழுவதையும் முதலில் முடித்தார். 'பொடி வைத்துப் பேசுதல்' என்று நாம் சொல்லும் தொடரின் பொருளை அன்றுதான் கண்ணால் கண்டேன். தேய்த்து, கழுவி, மெருகேற்றி, பொன் முழுவதும் குளிர்ந்தபின்னரே முத்தைக் கையில் எடுத்தார். "பொன் நெருப்பில் பிறந்தது, முத்து தண்ணீரில் பிறந்தது. இரண்டையும் ஒரே அடுப்பில் வைக்கக்கூடாது" என்றார். பசை இறுக ஒரு நாள் முழுவதும் மோதிரத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார்.

இன்று முத்து அரிய பொருள் அன்று. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-இல் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தது. இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகளே. சீனத்து நன்னீர் முத்துகள் குவிந்துகிடக்கின்றன. தாத்தாவைப் போல ஒரு முத்துக்காகச் சேமிப்பைக் கரைக்கவேண்டியதில்லை. ஆயினும் மோதிரத்துக்கு முத்து தேர்வோர் இரண்டைக் கவனிக்கவேண்டும் என்றார் ஆசாரி. ஒன்று, படலத்தின் தடிப்பு. துளையின் வாயைக் கண்ணாடியால் பார்த்தால் அது தெரியும். படலம் மெல்லியதாக இருந்தால் மோதிரத்தில் விரைவில் தேய்ந்துவிடும். மற்றொன்று, உண்மை. பல்லின் ஓரத்தில் மெல்ல உரசினால் நல்ல முத்து நறநறவென்று இருக்கும். கண்ணாடியாலும் நெகிழியாலும் ஆன போலி வழுக்கும்.

மோதிரத்தை அம்மாவின் விரலில் அவரே அணிவித்தார். மூட்டில் ஒரு கணம் தயங்கிக் கடந்து அது தன் இடத்தில் நின்றது. அம்மா கையைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், விரல்களை மடக்கினார், சேலைத் தலைப்பைப் பற்றி இழுத்துப் பார்த்தார். முத்து அசையவில்லை, நூல் சிக்கவில்லை. நீண்ட மௌனத்துக்குப் பின் சொன்னார்: "என் கைக்கும் பொருந்துகிறதே!"

அப்போது அம்மாவுக்கு வயது 72. குறை கையில் இல்லை, மோதிரத்தில்தான் இருந்தது என்பதை அவர் அறிந்துகொள்ள அத்தனை ஆண்டுகள் ஆயின. அதை அவருக்குச் சொல்லியிருக்கவேண்டிய மகனாகிய நானும் அன்றுதான் அறிந்தேன்.

எல்லா வேலைக்கும் ஏற்ற முத்து மோதிரம் உலகில் இல்லை என்பதையும் ஆசாரி மறைக்கவில்லை. "அலங்காரம் முடிந்தபின் கடைசியாகப் போடுங்கள், வேலை தொடங்குமுன் முதலில் கழற்றுங்கள்" என்றார். புளி கரைக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அம்மா அதை அடுப்படிச் சன்னலில் இருந்த ஒரு பழைய அகல் விளக்கில் வைப்பார். மாலையில் ஈரப் பஞ்சால் துடைத்து அணிந்துகொள்வார். முன்பு கழற்றியது அச்சத்தால். இப்போது கழற்றியது அன்பால். முத்தை ஈரமே இல்லாத இடத்தில் நெடுங்காலம் பூட்டிவைத்தால் படலம் வெடிக்கக்கூடும் என்றும் ஆசாரி சொல்லியிருந்தார். பெட்டியில் 52 ஆண்டுகள் அது தப்பியது எங்கள் நற்பேறு.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி செல்லும்போது, கடற்கரையில் நின்று அம்மா அந்தக் கையை நீர்ப்பக்கம் சற்று நீட்டுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்ட வணிகன் தனக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கினான் என்று நற்செய்தி கூறுகிறது. வாங்கியபின் அதை என்ன செய்தான் என்று உவமை சொல்லவில்லை. பெட்டியில் பூட்டினானா, அன்றாடம் கண்டு மகிழ்ந்தானா? அதைச் சொல்லாமல் விட்டது நம்மிடம் கேட்பதற்காகவே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் எத்தனை முதியவர்கள், எத்தனை பெண்கள், தமக்கு நல்லது எதுவும் பொருந்தாது என்று எண்ணி அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்! அவர்களுடைய கையை எடுத்துப் பார்த்து, அதற்கு ஏற்றபடி ஒன்றைச் செய்து தருவதற்கு ஒரு பட்டறையும் சிறிது பொறுமையும் போதும்.

அம்மா 2022-இல் இறைவனடி சேர்ந்தார். மோதிரம் என் மகளிடம் வந்தது. மோதிர விரலில் அவளுக்கு அது தளர்ந்தது. ஆசாரியின் மகன்தான் இப்போது பட்டறையைப் பார்க்கிறார்; வளையத்தை வெட்டிச் சிறிதாக்கி, உள்ளேயிருக்கும் இரு மணிகளையும் எடுத்துவிடலாம் என்றார். மகள் சற்று யோசித்தாள். மோதிரத்தை நடுவிரலில் போட்டுப் பார்த்தாள். சரியாக நின்றது.

"ஒன்றும் வெட்டவேண்டாம் அண்ணா, ஆச்சி மணி இரண்டும் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.